இழுத்துக் கட்டிய கேபிள்

6-11-1991, புதன்

ஆத்திரம் அடங்கவில்லை. ராணுவ ஏலத்தில் எடுத்து நானே பிரித்துப் பூட்டிய, காடுமேடெல்லாம் ஏறும் பைக் அது. ஹேண்டில் முழுசாகத் திரும்பினாலும் இழுபடாதபடி ஆக்சிலேட்டர் கேபிளைத் தளர்வாக விட்டிருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, மூன்று முறை விழுந்து கற்றது.

கம்பெனியில் ஃபிட்டராக இருக்கும் மாப்பிள்ளை அந்தக் கேபிளை வண்டிச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டார். "தொங்கிகினு கீது மாமா. எங்க லைன்ல இப்படி வுட்டா சூப்பர்வைசர் தொலைச்சிடுவாரு" என்று சிரித்தார்.

நான் வாய் திறப்பதற்குள் மனைவி என்னை உள்ளே இழுத்தாள். "தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை. ஒரு நாளாவது சும்மா இருய்யா."

சும்மா இருந்தேன்.

மாப்பிள்ளை மகளைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை எடுத்துப் போய், பென்னலூர் ஏரிக்கரையில் இடதுபுறம் திரும்பியிருக்கிறார். கேபிள் இழுபட்டு, முறுக்காமலே வண்டி சீறியிருக்கிறது. இருவரும் விழுந்தார்கள். மகளுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"பழைய இரும்பு மாமா, எடைக்குப் போடுங்க" என்கிறார் அவர். அவர் போட்ட கட்டை அறுத்து, ஹேண்டிலைத் திருப்பிக் காட்டினேன். இப்போது கேபிள் இழுபடவில்லை. "அவரை ஒண்ணும் சொல்லாதப்பா" என்று மகள் அழுகிறாள்.

பக்கத்து அறையில் இன்னும் முனகுகிறாள். கண்ணால் பார்த்தும் வாயை மூடிக்கொண்டேனே. இனி மாப்பிள்ளையாவது, மண்ணாங்கட்டியாவது.