தம்பியின் படத்துக்கு எத்தனையாவது இடம்

ஞாயிறு, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.

மதியச் சாப்பாட்டின்போது மகள் எல்லாரையும் பிடித்த ஐந்து படங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். கல்லூரி நாளில் பார்த்த காதல் படத்துக்கு முதலிடம் கொடுத்தேன். வயிறு வலிக்கச் சிரித்த படத்துக்கு இரண்டாமிடம். ஐந்தையும் சொல்லி முடித்தேன். தம்பி குமார் எடுத்த ஒரே படம் அதில் இல்லை. அவன் எனக்கு எதிரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நான் மறந்துவிடவில்லை. திருத்தணித் தியேட்டரில் அது ஒரு வாரம்கூட ஓடவில்லை என்று என் வீட்டுக்காரர், அவனுடைய பாவா, எப்போதும் கேலி செய்வார். இன்றும் சிரிப்பாரே என்று விட்டுவிட்டேன். அந்தப் படத்தில் ஓர் அக்கா, பள்ளிப்பட்டில் பஸ் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே புகுந்த வீட்டுக்குப் போவாள். அது நான். நான் அழுததைக் கவனித்தவன் அவன் ஒருவன்தான்.

"எல்லாம் நல்ல படமா சொன்னக்கா" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் சென்னை ரயிலுக்குக் கிளம்பினான்.

மனசு கேட்காமல் போன் செய்தேன். "குமாரு, உன் படம்தாண்டா எனக்கு முதல்ல."

"ஆங், தெரியும்க்கா. பாவா கேட்டுகினு இருக்கும்போது சொல்லியிருக்கலாம் இல்ல?"

ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டேன்.