நல்லதாக வந்த ரிப்போர்ட்

மச்சான்,

திருப்போரூர் மெடிக்கலில் இன்று காலை ஒரு அம்மா வைட்டமின் சி மாத்திரை வாங்கி, அங்கேயே குழந்தையின் வாயில் போட்டார். ஆரஞ்சு வாசனை வந்தது. இருமல் மருந்து வாங்கப் போன நான் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். உன் சட்டைப்பையில் எப்போதும் அந்த வாசனைதான்.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில் நீ உலையில் நின்றாய், நான் ஸ்டோரில் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். ஈயம் கூடியிருந்தால் உலையை விட்டு இறக்கி, வாசல் பெருக்க விடுவார்கள், ஓவர்டைம் போய்விடும். அதனால் பதினைந்து நாள் முன்பே உலை ஆட்கள் வைட்டமின் மாத்திரையும் நெல்லிக்காயுமாகத் தின்று தீர்ப்பார்கள். அது ஈயத்தைக் குறைக்கும் என்று எவனோ போனில் படித்திருந்தான். எல்லோருக்கும் மாத்திரை வாங்கி வரும் பெரிய மனுஷன் நான்தான்.

முதல் ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டு நீ ஸ்டோருக்கு ஓடி வந்தாய். "நம்பர் எறங்கிட்ச்சு மச்சான்! நீ கீறப்போ எனக்கு இன்னாடா கவல?" அன்று கோவளத்தில் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தாய். வெட்கமில்லாமல் தின்றேன்.

அப்புறம் உனக்கு அடிக்கடி வயிறு பிசைந்தது. "வவுறு ஒரே பேஜாரு, வூட்ல சொல்லாத" என்பாய். கம்பெனியில் ரத்தம் எடுக்கும் கேம்புக்கு வந்த டாக்டரிடம் உனக்குத் தெரியாமல் கேட்டேன். "மாத்திரையால ரத்தத்துல கொஞ்சம் குறையலாம்பா. எலும்புல போய் உக்காந்தது எங்க போகும்? ஆளை முதல்ல உலையிலேருந்து வெளிய எடுங்க" என்றார். உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். மகளுக்குப் படூரில் காலேஜ் சீட் கிடைத்ததென்று லட்டை என் வாயில் திணித்தாய். அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் நானே மாத்திரை வாங்கி வந்தேன்.

உன் மணிக்கட்டு தொங்கிப்போனபோது ஆஸ்பத்திரியில் உன் மனைவி அந்த ரிப்போர்ட்டுகளைத்தான் எடுத்து நீட்டினாள். "ஈயம் கம்மியாத்தானே இருக்கு" என்று டாக்டர்கள் சர்க்கரையைத் தேடினார்கள், நரம்பைத் தேடினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மாத்திரை தின்று இறக்கிய நம்பர் அது என்று வாயைத் திறக்கவில்லை. என்ன கோழைத்தனம் அது! ஈயம்தான் என்று அவர்களாகவே கண்டுபிடித்தபோது உன் இரண்டு கிட்னியும் போயிருந்தது.

நீ போவதற்கு இரண்டு நாள் முன்பு, பிடிக்க முடியாத அந்தக் கையை என் கைமேல் வைத்தாய். "நீ மட்டும் மாத்திர வாங்கித் தரலன்னா நான் எப்பவோ பூட்டிருப்பேன்டா."

ஆமாம் என்று தலையாட்டினேன். உன் மனைவி இன்றும் எங்கே பார்த்தாலும் அதையே சொல்கிறாள். "உன்னாலதாண்ணா அவரு அவ்ளோ நாளு இருந்தாரு." அவளுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.