மஃரிபுக்குப் பின் பந்தயம்

பட்டாணிச்சூர், வவுனியா
04.04.2005

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மாமியும் கடையும் சுகம். உங்கள் சுகத்தை வெள்ளிக்கிழமை திரையிலேயே பார்த்துவிட்டேன். நாலாவது வளைவில் சுழன்றுபோய்ப் புல்லில் கிடந்தீர்கள். அல்ஹம்துலில்லாஹ், உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன லீவில், ஊரார் போன் பேச வருகிற நம் கடைக் கொம்பியூட்டரில் இந்த இன்ரநெற் கார்ப் பந்தயத்தைப் போட்டுவிட்டுப் போனபோது, கட்டாரில் இருந்து நீங்களும் வவுனியாவில் இருந்து நானும் ஒரே பாதையில் ஓடலாம் என்று சொன்னீர்கள். நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய ஸ்டியரிங்கைத் தையல் மெசின் மேசையில் பூட்டினேன். பெடல் சீமெந்துத் தரையில் வழுக்கியது, அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்தேன். மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் இஷாவுக்கு முன் பந்தயம் முடிகிறது. மாதத்தின் முதல் வெள்ளியில் வைத்தது நல்லது என்று பந்தயத்தை நடத்துகிற உங்கள் பிலிப்பைன்காரர் ஆர்னெலிடம் சொல்லுங்கள். ஐந்து மாதம், ஐந்து பந்தயம், நான் எல்லாவற்றுக்கும் வருவேன்.

நான் இருபது பேரில் இருபதாவது. நீங்கள் பத்தொன்பதாவது. ஆகவே பெரிதாகச் சிரிக்க வேண்டாம்.

இனி உண்மையான விசயம். இதைப் போனில் கேட்டால் கடையே காது கொடுக்கும், பந்தயத் திரையில் எழுதினால் இருபது பேரும் வாசிப்பார்கள். செப்ரெம்பரில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கும்படி அங்கே இருக்கிற உங்கள் மூத்தவர் மஹ்றூப் காக்கா சொல்கிறாராம், மாமி சொன்னா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், வாருங்கள். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து உங்கள் முகத்தைவிட உங்கள் கையெழுத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக வந்தாலும் வந்து சேர்ந்த,
றிஸ்பா


டோஹா
22.04.2005

அன்பு றிஸ்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வாசித்தேன். எட்டுப் பேர் இருக்கிற அறையில் அப்படி ஒரு நேரம் கிடைக்க நாலு நாள் சென்றது.

ஆனைக்கும் அடி சறுக்கும், புள்ள. அந்த வளைவில் பிறேக் சரியாகப் பிடிக்கவில்லை. கிழமை முழுக்கத் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறேன், கொஞ்சம் விரைந்தால் மேலாளர் கத்துகிறான். வெள்ளிக்கிழமைதான் என் கால் கட்டவிழ்கிறது. அதில் கொஞ்சம் கூடிப்போகிறது.

காக்கா சொல்வதில் பிழை இல்லை. வீட்டு மேல்மாடி அரைவாசியில் நிற்கிறது. என்னை இங்கே எடுத்துவிட்டதும் அவர்தான். அவர் முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது?

சரி, இப்படிச் செய்வோம். ஐந்தாவது பந்தயம் முடியும்போது உன் புள்ளி என் புள்ளியைவிடக் கூடவாக இருந்தால் கட்டாரை முடித்துக்கொண்டு வருகிறேன். என் புள்ளி கூடினால் இன்னும் இரண்டு வருடம், நீ வாய் திறக்கக் கூடாது. இருபதாவதாக வந்தவளுக்கு இது பயமாக இருந்தால் இப்போதே சொல்.

உம்மாவுக்கு ஸலாம் சொல்லு.

உன்,
றிஃபாத்


வவுனியா
09.05.2005

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். பயமா? வாக்கை ஏற்றுக்கொண்டேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமிக்குத்தான் சந்தேகம். "பந்தயம் கட்டுறது ஹறாம் எல்லே புள்ள?" என்று கேட்டா. "காசு ஒண்டும் வைக்கேல்ல மாமி, உங்கட மகனைத்தான் வச்சிருக்கிறம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வெல்லு" என்றா. இப்போது பந்தய நேரம் பக்கத்துக் கதிரையில் இருந்து, "ஆர் அந்தச் சிவப்புக் கார்? வழியை விடாமல் நிக்கிறான்" என்று கேட்கிறா. சிவப்புக் கார் நீங்கள்தான். நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டாவதாக வந்தது தற்செயல் என்று நினைக்க வேண்டாம். நான் வேகக்காரி இல்லை, அது எனக்குத் தெரியும். முன்னால் ஓடுகிற அந்த மலையாளப் பையன்கள் போகிற போக்கில் நான் இந்தப் பிறவியில் போகமாட்டேன். ஆனால் காலையில் கடை திறக்குமுன் தனியாக ஓடிப் பழகுகிறேன். தையல் மெசினைக் காலால் எப்படி மெல்ல மெல்ல அழுத்துவேனோ அப்படித்தான் பெடலையும் அழுத்துகிறேன். ஒரேயடியாக மிதித்தால் நூலும் அறும், காரும் சுழலும். வளைவு வருமுன்னே பிறேக் வேலையை முடித்துவிடுகிறேன். என் காரின் மூக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, போக வேண்டிய இடத்தைப் பார்க்கிறேன். பின்னால் வேகக்காரன் வந்தால் வழி விடுகிறேன், அவன் முன்னால் போய் இன்னொருவனோடு முட்டிக்கொள்ளும்போது ஸலாம் சொல்லிக்கொண்டு பக்கத்தால் போகிறேன். பதறாத காரியம் சிதறாது.

நீங்கள் பதினாலாவது. பிறேக் சரியில்லை என்றீர்களே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

உங்களுக்கு இரண்டு கார் முன்னால்,
றிஸ்பா


டோஹா
07.06.2005

அன்பு றிஸ்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை உனக்கு என்ன நடந்தது? நன்றாக ஓடிக்கொண்டிருந்தாய். பாதி வழியில் உன் கார் ஓரமாக நின்றது, பிறகு காணாமற் போய்விட்டது. நான் பதினோராவதாக முடித்தும் சந்தோசம் வரவில்லை. கோபமா, கரண்ட் போய்விட்டதா, உம்மாவுக்குச் சுகமில்லையா? உடனே எழுது.

காக்கா வந்து புது ஒப்பந்தக் கடதாசியைத் தந்துவிட்டுப் போனார். "கையெழுத்துத்தானே, வையன்" என்றார். தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

றிஃபாத்


வவுனியா
04.07.2005

அன்பு மச்சானுக்கு,

பதறவேண்டாம், எல்லோரும் சுகம். அன்று கரண்டும் இருந்தது, கோபமும் இல்லை. கடையில் இன்ரநெற்றுக்கு ஒரு லைன், போன் கோல் வருவதற்கு ஒரு லைன் என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பந்தயத்தில் மற்ற லைன் அடித்தது. கப்பலில் வேலை செய்கிற அனிஸ்ரன், ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்து, "அம்மாவைக் கூப்பிடுங்கோ அக்கா, பத்து நிமிசத்தில திருப்பி எடுக்கிறன்" என்றான். அவன் தாய் புனிதமலர் அக்கா சுனாமியில் கடல் அடித்தபிறகு முல்லைத்தீவில் இருந்து வந்து, இங்கே தமக்கை வீட்டில் இருக்கிறா. அந்த வீடு மூன்றாவது ஒழுங்கையில். மாமியின் முழங்காலோடு அவ்வளவு தூரம் அனுப்ப முடியுமா? காரை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். அக்கா அடுப்பில் இருந்த சட்டியை அப்படியே விட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தா. மகனின் குரலைக் கேட்டு அவ அழுததைப் பார்த்த பிறகு, போன புள்ளியைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் வரவில்லை.

கோல் வந்தால் ஆளைக் கூப்பிட ஒருவர் வேண்டும். கடையில் நான் ஒருத்திதான். இதையும் கணக்கில் எடுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பந்தயத்தில் நான் ஒன்பதாவது! ஒன்பது! மாமி கைதட்டினா. நீங்கள் வழக்கம்போல நாலாவது வளைவில் புல் மேய்ந்தீர்கள். ஆர்னெலின் கணக்குப்படி இருவருக்கும் இப்போது ஒரே புள்ளி. அடுத்த மாதம் யார் முன்னால் முடிக்கிறோமோ அவர் சொன்னதுதான்.

நான் வெல்வேன், மச்சான். பெருமையில்லை, பழகியிருக்கிறேன்.

ஒன்பதாவது,
றிஸ்பா


டோஹா
19.07.2005

அன்பு றிஸ்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். இங்கே வெயில் தாங்க முடியவில்லை, பவுசர் ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்கிறோம். கடதாசி இன்னும் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது.

நீ வென்றால் காக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கும். நன்றாக ஓடு.

றிஃபாத்


வவுனியா
06.08.2005

மச்சான்,

ஸலாம். நேற்று நடந்ததைப் பற்றி இருவரும் ஒருவரிடம் ஒருவர் ஒளிக்கத் தேவையில்லை.

கடைசிச் சுற்று. நீங்கள் முன்னால், நான் பின்னால். நாலாவது வளைவில் சுழலவில்லை, நல்ல பிள்ளையாக முன்கூட்டியே பிறேக் பிடித்து அழகாகத் திரும்பினீர்கள். பின்னால் இருந்த எனக்கே பெருமையாக இருந்தது. கடைசி வளைவும் தாண்டி நேர்ப்பாதை வந்தது. முடிவுக்கோடு தெரிந்தது. அங்கே உங்கள் கார் மெல்ல மெல்ல வலப்பக்கம் ஒதுங்கியது. வேகம் குறைந்தது. யாரும் இடிக்கவில்லை, இயந்திரமும் புகையவில்லை. வளைவில் மாத்திரம் பிழைவிடுகிற மனிசன் நேர்ப்பாதையில் எப்படி நிற்பார்? பவுசர் ஓட்டுகிறவருக்கு நடிக்கத் தெரியாது.

நான் உங்களைத் தாண்டவில்லை. உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து நானும் நிறுத்தினேன். நீங்கள் கொஞ்சம் பின்னால் எடுத்தீர்கள். நானும் பின்னால் எடுத்தேன். மலையாளப் பையன்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஆர்னெல், இரண்டு பேருக்கும் லைன் போய்விட்டதா என்று கேட்டு எழுதினார். மாமி, "ஏன் புள்ள நிக்கிறாய்? கோடு அங்க தெரியுது, போவன்" என்று என் தோளைப் பிடித்து உலுப்பினா. இஷா பாங்கு கேட்டது. நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழும்பித் தொழப் போனேன்.

நான் தாண்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லட்டுமா? "வாக்குக் கொடுத்தன் காக்கா, பொம்பிளையிட்டத் தோத்துப்போனன், என்ன செய்ய" என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பீர்கள். பிறகு இந்த வீட்டில் மழைக்கு ஒழுகினாலும், மேல்மாடி அப்படியே நின்றாலும், வென்று கூட்டிக்கொண்டு வந்தவள் நான்தான் என்று ஆகியிருக்கும். அந்தப் பழி எனக்கு வேண்டாம். நான் வெல்ல விரும்பினேன், உண்மைதான். ஆனால் நீங்கள் விட்டுத் தந்து அல்ல.

வர விருப்பம் என்றால் உங்கள் வாயால் சொல்லுங்கள். எனக்கல்ல, காக்காவுக்கு. இருக்க விருப்பம் என்றால் அதையும் சொல்லுங்கள், நான் அழுவேன், பிறகு எழும்பிக் கடை திறப்பேன். என் வாயை இனி எந்த வாக்கும் அடைக்காது.

உங்களைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. திரையில் அல்ல.

றிஸ்பா


டோஹா
25.08.2005

அன்பு மனைவி றிஸ்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை இந்த முறை அறையில் எல்லோரும் இருக்கத்தான் வாசித்தேன். காத்திருக்கப் பொறுமை இல்லை.

அடுத்த நாள் காக்காவின் அறைக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கடதாசியை மேசையில் வைத்தேன். கையெழுத்து இல்லாததைப் பார்த்தார். "காக்கா, நான் ஊருக்குப் போறன். எனக்கு அங்க இருக்கத்தான் விருப்பம்" என்றேன். வழியில் பழகிக்கொண்டு போன மற்றக் கதை ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் கடதாசியை மடித்தார். பிறகு, "மேல்மாடி?" என்றார். "அது கிடக்கட்டும்" என்றேன். "எனக்கும் போக விருப்பம்தான், ஆரிட்டச் சொல்ல?" என்று அவர் சொன்னார். இத்தனை வருடம் நான் அவருக்குப் பயந்தேன், அவர் யாருக்குப் பயந்தாரோ.

நோன்பு பிறக்குமுன் வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். பூவரசங்குளம் பக்கம் ஓடுகிற தனியார் பஸ்ஸுக்கு ஓட்டுநர் தேடுகிறார்களாம், பேசி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வழியில் வளைவு குறைவு என்று நீ சிரிப்பாய் என்பதும் தெரியும்.

ஆர்னெல் முடிவுகளை ஒட்டியிருக்கிறார். நம் இருவர் பெயருக்கும் நேரே, முடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. எனக்கு அது பழக்கம். உனக்குத்தான் பொருந்தவில்லை. அடுத்த ஐந்து பந்தயத்துக்கும் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

என் பெயரைக் கொடுக்கவில்லை. நெற்றுக்கு இருக்கிறது ஒரு லைன், ஸ்டியரிங்கும் ஒன்று. வெள்ளிக்கிழமை மஃரிப் முடிந்ததும் நீ உட்கார். மற்ற லைன் அடித்தால் எழும்ப வேண்டாம். புனிதமலர் அக்காவைக் கூப்பிட நான் போகிறேன்.

உன்,
றிஃபாத்