உள்ளங்கைச் சீனி

2000 மாசி 4, வெள்ளி

இன்றும் மருமகள் பூரணி என் மகன் ஆனந்தராசாவின் உள்ளங்கையில் சீனி வைத்தாள். அவன் அதை நக்கி நக்கி, பால் விடாத வெறுந்தேத்தண்ணி குடித்தான். ரத்தத்தில் சீனி கூடிவிட்டது, சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன பிறகும்!

"கொஞ்சம்தானே மாமி."

கொஞ்சமாம். தொண்ணூறில் அவனுக்குச் செங்கமாரி வந்து கண் மஞ்சளாய்க் கிடந்தபோது, குளுக்கோசைக் கரைத்துக் கரைத்துப் பருக்கியவளும் இவள்தான். அதுதான் இப்போது சீனியாய்ப் பொங்குகிறது. நான் மறக்கமாட்டேன்.

மாசி 17

ஆனந்தனுக்குக் கால் புண் ஆறவில்லை. மூதூருக்குக் கடலில் ஓடும் லோஞ்சில் வேலைக்கும் போகவில்லை. ஸுஹைர் டொக்டரிடம் கூட்டிப்போனோம். ஈரல் வீங்கியிருக்கிறதாம். முந்திச் செங்கமாரி வந்ததோ என்று கேட்டார். செங்கமாரிக்குச் சில கிழமை முந்தி ஜெற்றியில் இவனுக்குப் பக்கத்தில் செல் விழுந்து வெடித்தது, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறியது, இரண்டு போத்தல் ரத்தம் ஏற்றியது எல்லாம் சொன்னேன். ஒன்று என்னுடையது. மற்றது யாருடையதோ. குளுக்கோஸ் கதையையும் சொன்னேன், பூரணியைப் பார்த்துக்கொண்டே.

"குளுக்கோசால இல்லையம்மா. ரத்தத்தால தொத்துற கிருமி ஒண்டு ஈரலுக்குள்ள வருசக்கணக்காய் ஒளிச்சிருக்கும். அது இருக்கிறவைக்குச் சீனி வருத்தம் வாறதும் அதிகம். அந்த நாளையில அதைச் சோதிக்க வழியில்லை."

மூவரிடமும் ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். எடுக்கட்டும்.

மாசி 18

அந்த மற்றப் போத்தல். எந்தக் குடிகாரன்ரையோ. குழாய்க்குள்ளால் சொட்டுச் சொட்டாய் இறங்கினது கண்ணை விட்டுப் போகுதில்லை.

மாசி 25

புண்ணின் ஓரம் காய்கிறது. முருகா.

பங்குனி 9

ஆனந்தனுக்குக் கிருமி இருக்கிறது. பூரணிக்கு இல்லை.

எனக்கு இருக்கிறது.

மூத்தவளைப் பெற்றபோது எனக்கும் ரத்தம் ஏற்றினவை. அதிலேயோ? எந்தப் போத்தலால் மகனுக்கு வந்தது என்று அடித்துச் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். எனக்காகச் சொன்னாரோ? பத்து வருசமாய்க் கோயிலிலும் சம்பந்தி வீட்டிலும் நான் சொன்ன கதை — என்ர ரத்தத்தாலதான் என்ர பிள்ளை உயிரோட திரியிறான். பொய்யில்லையே. பொய்யில்லை. அதுதானே —

பங்குனி 12

எனக்கும் சீனி கூடவாம்.

பூரணி சொல்லிக்காட்டுவாள் என்று விடிந்ததிலிருந்து காத்திருந்தேன். அவளோ இரண்டு கோப்பை வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மகன் பழக்கத்தில் கையை விரித்தான். நானும் விரித்தேன். அவள் இரண்டு கையையும் பார்த்தாள்; சீனிப் போத்தலை எடுக்கவில்லை.

"ஆறமுதல் குடியுங்கோ மாமி."

கையை மடக்கிக்கொண்டேன்.