எலேனி அக்காவின் ஊருக்கு நீலம் அடித்தவர்கள்

அன்பான எலேனி அக்காவுக்கு,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே உங்கள் ஊரை வாய்க்கு வந்தபடி வையலாம். நீங்களும் வைதவர்தானே? ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் நாம் பிஸ்கட் பெட்டி அடுக்கிய பதினொரு வருடமும், தேநீர் நேரத்தில் அந்தக் கிரேக்க மலைக்கிராமத்தைத் திட்டித் தீர்த்தீர்கள். பத்து மணிவரை வெயில் எட்டாது. கல் வீடு, கல் கூரை, கல்லே விளையும் வயல். கடலைப் பார்க்க ஒரு நாள் பயணம்.

போன ஞாயிறு உங்கள் மகன் நிக்கோஸ் பாட்டனி டவுன்ஸிலுள்ள தன் வீட்டுக்கு என்னை அழைத்து, உங்கள் கல்லறைக் கல்லில் பொறிக்கவென்று ஒரு படம் காட்டினான். வெள்ளை வீடுகள், நீலக் கதவுகள், முன்னால் நீலத் தண்ணீர். இது ஏதோ தீவு, உன் அம்மாவின் ஊரே இல்லை என்று பாய்ந்தேன். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பெயர்ப்பலகையைக் காட்டினான். உங்கள் ஊரேதான் அக்கா.

சுற்றுலாக்காரருக்குத் தீவுதான் பிடிக்குமாம். அதனால் மலைக்கல் சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் ஹோட்டலாகிவிட்டது. கடல் இல்லாத குறைக்கு, கோதுமை போரடித்த களத்தில் நீச்சல் குளம். நீங்கள் பசிக்குப் பிடுங்கித் தின்ற காட்டுக்கீரை இப்போது அங்கே விருந்துச் சாப்பாடு. வெட்கம் கெட்டவர்கள். நிக்கோஸ் அங்கே இரண்டு நாள் தங்கியிருக்கிறான். வைஃபை நன்றாக இருந்ததாம்.

வீட்டில் வந்து பொருமினேன். “அது அவையின்ர அம்மா, அவையின்ர கல்லு. நீர் ஏன் நடுவில போறீர்?” என்றார் என் கணவர்.

“ஓம், அவையின்ர அம்மாதான். ஆனா அந்த ஊரைப் பதினொரு வருசம் கேட்டவள் நான்.”

மறுநாளே மறுபடி போய், நீங்கள் அவனிடம் சொல்லாததைச் சொன்னேன். ரோடு இல்லாத காலத்தில், நோயில் கிடந்த உங்கள் அம்மாவைக் கதவுப் பலகையில் கட்டி மலைப்பாதையால் இறக்கியதை. கால்மாட்டில் பிடித்துவந்த உங்களுக்குப் பதினைந்து வயது. பாதி வழியில் அவருக்கு மூச்சு நின்றது. அந்தப் பாதையில் நின்றுதான் நிக்கோஸ் செல்ஃபி எடுத்திருக்கிறான்.

அவன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். எந்த இடத்தில் என்று கேட்டான். ஏழாவது வளைவு என்றேன். அந்தப் பாதையை வரைந்து தரும்படி ஒரு தாளை எடுத்துத் தந்தான்.

இப்போது அங்கே போட்டிருக்கும் ரோட்டை மட்டும் நான் பழிக்கமாட்டேன் அக்கா. அது அன்றே வந்திருந்தால் நீங்கள் இங்கே வந்து பெட்டி அடுக்கியிருப்பீர்களா?

நான் கண்ணால் காணாத பாதையை வளைவு வளைவாகக் கீறிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கல்லில் அதுதான் ஏறும். கல்வெட்டுபவன் ஏழாவது வளைவை வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
வதனி
ஏவன்டேல்