புல்லுப் பாலத்தருகே நின்ற பெண்

அலுமாரியைத் திறந்தால் இன்னும் அந்த மணம்தான் வருகிறது. கடலில் அலைச்சறுக்கு விளையாடும் வெள்ளைக்காரர்கள் பலகையில் தேய்ப்பார்களே, அந்த மெழுகின் மணம். அறுகம்பேயில் நீங்கள் சமையல் செய்த விடுதியில் யாரோ விட்டுப்போன மூன்று புத்தகங்களிலும் அது ஊறிக் கிடக்கிறது. பூச்சி அண்டாமல் இருக்க நான் போட்ட கற்பூரமும் அதனிடம் தோற்றுவிட்டது.

தென்னமெரிக்காவில் இடிந்து கிடந்த இன்கா நகரங்களைத் தேடி, அந்தக் காலத்திலேயே கோவேறு கழுதையில் மலையேறிய ஒருவர் எழுதிய புத்தகங்கள். நீங்கள் அவற்றைக் கொண்டுவந்த அன்று பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கருவாடெண்டு நினைச்சன். இதென்ன, கல்லா?" என்றேன்.

"ஓம் புள்ள, கல்லுதான். கல்லப் பத்தின கதை," என்று சிரித்தீர்கள்.

வியாழன் மாலை வீட்டுக்கு வருவீர்கள். வெள்ளியன்று ஜும்ஆ தொழுகை முடிந்து, சோறு தின்று, நான் வெற்றிலை மடிக்கத் தொடங்கும்போது புத்தகம் விரியும். எனக்கு இங்கிலீசு தெரியாது. உங்களுடையது விடுதியில் காதால் பிடித்த இங்கிலீசு. ஆனாலும் மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய வயல்களை நீங்கள் சொன்னால், வரம்பும் வாய்க்காலும் என் கண்ணில் தெரியும். லாமா, "கழுத்து நீண்ட ஆடு, கோவம் வந்தா துப்பும்" என்று ஆனது. சாந்தே இல்லாமல் பொருத்திய கற்களைப் பற்றிக் கேட்ட அன்று, நம் வீட்டு மதிலைக் கட்டிய மேசனை இருவரும் சேர்ந்து ஏசினோம்.

எனக்குப் பிடித்தது அந்த மலையேறியவருடைய மனைவியைத்தான். அவர் சுவரை அளந்துகொண்டே நின்றால், "கல்லு எங்கயும் ஓடாது, சோறு ஆறுது, வாங்க," என்பாள். கூலியாட்கள் தின்றுவிட்டார்களா என்று கேட்காமல் தான் தின்னமாட்டாள். "இந்தப் பொம்புள நல்லாத்தான் கதைக்கிறாள்," என்பேன். நீங்கள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டீர்கள்.

கடைசி வெள்ளியன்று பாலத்தடிக்கு வந்திருந்தோம். புல்லை முறுக்கிக் கட்டிய பாலம். கீழே ஆறு இரைகிறது. அவர் அக்கரைக்குப் போய்விட்டார். அவள் இக்கரையில் நின்று, "இந்தக் கயிறு என்னத் தாங்குமா?" என்று கேட்கிறாள். பள்ளியில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. "மறுகா? பிறகென்ன?" என்றேன். "அடுத்த வெள்ளி சொல்றன்," என்று எழுந்தீர்கள். அடுத்த வெள்ளிக்கு முன்பே உங்கள் ஜனாஸாதான் வீட்டுக்கு வந்தது. விடுதி அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவே இல்லையாம்.

புருஷனை இழந்தவளாக வெள்ளை உடுத்து, வாசல் தாண்டாமல் இத்தாவில் இருந்த நாட்களில் ஓதினேன், அழுதேன். சொன்னால் சிரிப்பீர்கள், இடையிடையே அந்தப் பெண்ணையும் நினைத்தேன். கடந்தாளா, திரும்பிப் போனாளா? அதை அறியாமல் எனக்கு மனம் ஆறவில்லை. மகளிடம் மூன்றாம் புத்தகத்தைக் கொடுத்து, பாலத்தடிக் கதையைப் பார்க்கச் சொன்னேன்.

அவள் வெகுநேரம் புரட்டினாள். "உம்மா, இதில பொம்புளையே இல்ல. அவர் கூலியாக்களோடதான் போறார்."

"நல்லாப் பாரு மகள்."

மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். எதிலும் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வெள்ளியும் என்னை ஏய்த்திருக்கிறீர்களே என்று. பிறகு அவள் பேச்சு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆறிப்போகிற சோறும் கூலியாட்கள் சாப்பாடும் எல்லாம் இந்த வீட்டில் நான் சொன்னவை. "ஒருக்கா அறுகம்பேக்கு வந்து பாரன் புள்ள," என்று ஒவ்வொரு சீசனும் கேட்டீர்கள். வெள்ளைக்காரர் அரைகுறை உடுப்பில் திரியும் இடத்துக்குப் போனால் நம் ஊர் கல்முனைக்குடியே கதைக்கும் என்று பயந்து, "எனக்கென்ன வேல அங்க?" என்பேன். வராதவளை அவ்வளவு தூரத்து மலைக்குக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு மனிதர்? அன்று அழுததில் பாதி நன்றிதான்.

இத்தா முடிந்ததும் உங்கள் பொருட்களை எடுத்துவர விடுதிக்கு யாரையாவது அனுப்பலாம் என்றாள் மகள். நானே போகிறேன் என்றேன். பொத்துவில் தாண்டி, களப்புத் தண்ணீருக்கு மேலே அறுகம்பேக்குப் போகும் பாலம் வந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"நடக்கப் போறீங்களா உம்மா? காத்து அடிக்குதே," என்றாள் கூட வந்த மகள்.

"தாங்கும்," என்றேன்.

முக்காட்டை இறுக்கிக்கொண்டு நடந்தேன். அக்கரையில் உங்கள் அடுப்படியைப் பார்த்தேன். நீங்கள் தொங்கவிட்ட கரண்டிகள் அப்படியே இருந்தன. உங்களோடு வேலை செய்தவர்களிடம் என் வாயில் முதலில் வந்தது, "எல்லாரும் திண்டுட்டீங்களா?" என்பதுதான்.

பாலத்துக்கு அங்கால் நடந்ததை இனி நான்தான் சொல்ல வேண்டும். நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு மகளை உட்காரவைத்துத் தொடங்கிவிட்டேன். அவளும் கேட்கிறாள், "மறுகா?" என்று.