படையலில் மாம்பழக் கொப்ளர்

அத்தான்,

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து, நீண்ட ஆலோசனைக்குப் பின், வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினோம். உங்கள் முதலாம் ஆண்டுத் திவசப் படையலில் நீங்கள் ஓவனில் சுடும் மாம்பழக் கொப்ளரும் இடம்பெறும். வாக்குரிமை பெற்றவர்கள் மூவர்: அக்கா, தெஹிவளையிலிருந்து வந்திருந்த உங்கள் தமக்கை, நான். எதிர்ப்பு ஒன்று எழுந்தது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது ஒரு மணம். அன்று வரும் வழியில் நான் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கி வந்திருந்தேன். பையை மேசையில் வைத்ததும் வீடு முழுக்க மணத்தது. அக்கா எழுந்து போனாள். நீங்கள் போனதிலிருந்து சட்டிகள் குடியிருக்கும் உங்கள் ஓவனைத் திறந்து, அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"படையலுக்கு ஓவன் சாமானோ?" என்றார் உங்கள் தமக்கை. "வடை, மோதகம், பாயாசம் காணாதே?"

"உங்கடை தம்பி பாயாசம் குடிச்சு நீங்கள் எப்ப மச்சாள் கண்டனீங்கள்?"

"ஐயர் என்ன நினைப்பார்?"

"ஐயருக்கு இல்லை. அவருக்கு."

உங்கள் தமக்கை மாம்பழப் பையை எட்டிப் பார்த்தார்.

"முட்டை போடேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப வையும். எனக்கும் ஒரு துண்டு எடுத்து வையும்."

முட்டைப் பிரச்சினையை நீங்கள் முன்பே தீர்த்து வைத்துவிட்டுத்தான் போனீர்கள். அக்காவின் பிறந்தநாள் ஒருமுறை வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளிக்கிழமை இந்த வீடு சைவம். எனவே கேக் இல்லை என்பது முடிந்த விஷயம். ஆனால் நீங்கள் வாழ்நாள் முழுவதும் காப்புறுதிப் பத்திரங்களின் நிபந்தனைகளை வாசித்தவர். எங்கோ தேடி, கொப்ளர் என்று முட்டையில்லாத ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள்: கீழே மாம்பழத் துண்டுகள், கறுவாப்பட்டைத் தூள், மேலே பட்டர் சேர்த்த மாவு, அதன் மேல் தாராளமாகச் சீனி. "இதென்ன, கவிண்ட கேக்கோ?" என்று அக்கா கேட்டாள். "கேக் எண்டால் முட்டை இருக்கும். இதிலை இல்லை. ஆனபடியால் இது கேக் இல்லை" என்று தீர்ப்பு வழங்கினீர்கள். மெழுகுதிரி மாம்பழத்துக்குள் மெல்லச் சாய்ந்து மூழ்கியது. அது முழுதாக அணையுமுன் அவசரமாகப் பாடி முடித்தோம்.

எங்கள் குடும்பத்தில் ஒன்று மூன்று முறை நடந்தால் அது பரம்பரை வழக்கம். கொப்ளர் வெள்ளிக்கிழமைச் சைவ உணவாயிற்று. மற்ற நாட்களில் அதைக் கேட்பது, ஆடி மாதத்தில் பொங்கல் வாழ்த்துச் சொல்வது போல.

பிறகு உங்களுக்குச் சீனி வருத்தம் வந்தது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று மருத்துவர் மாம்பழத்தை நிறுத்தச் சொன்னார். அந்த வெள்ளியும் கொப்ளர் வந்தது. உங்கள் பங்கின் மேல் மாவை மட்டும் கரண்டியால் பெயர்த்தெடுத்து, மாம்பழத்தை என் தட்டுக்குத் தள்ளினீர்கள்.

"டொக்டர் மாம்பழம் எண்டுதான் சொன்னவர். மாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. நீர் சாப்பிடும், பழம் உடம்புக்கு நல்லது."

சீனி முழுக்க மாவில்தான் இருந்தது என்பதை அக்கா எடுத்துச் சொன்னாள். அது நிபந்தனையில் இல்லை என்றீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு பேருடைய மாம்பழத்தை நான் சாப்பிட்டேன். உங்களிடமிருந்து எனக்கு வந்த சொத்து இடுப்பைச் சுற்றித்தான் இருக்கிறது. அதை இன்றுவரை சுமக்கிறேன்.

திவசத்தன்று சுடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் மாவைக் குழைக்க, அக்கா பக்கத்தில் நின்றாள். "அவர் இப்பிடிப் போட்டு உருட்டுறேல்லை" என்றாள். "பிசையாதையும், ரொட்டி சுடப்போறேல்லை" என்று நீங்கள் அவளை விரட்டியது எனக்கு நினைவு வந்தது. விரல்களைத் தளர்த்தினேன். ஓவனிலிருந்து வெளியே எடுத்தபோது மேலே பொன்னிறம், ஓரங்களில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா முகர்ந்து பார்த்தாள். "ஓம், இதுதான்" என்றாள்.

ஐயர் போன பிறகு எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, வாழையிலைத் துண்டில் பல்கனி மதிலில் வைத்தோம். காகம் எடுக்கும்வரை யாரும் சாப்பிடக்கூடாது. வழக்கமாக வெள்ளவத்தைக் காகங்களை விரட்டுவதுதான் வேலை. அன்று ஒன்றையும் காணவில்லை. தெஹிவளைப் பக்கம் ஒரு ரயில் போனது. "கொப்ளர் வைச்சதாலையோ?" என்று உங்கள் தமக்கை தொடங்கினார். அக்கா மதிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒன்று வந்தது. சோற்றைப் பார்த்தது. வடையைச் சுற்றி நடந்தது. கொப்ளரின் மேல் மாவைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு கடற்பக்கமாகப் பறந்தது.

மாம்பழம் இலையிலேயே இருந்தது.